நுரைத் திருத்தம்

ஐந்து மணி நேரத்தின் விலை பதினான்கு கோடியே அறுபது லட்சம் ரூபாய். வரி தனி. மணிக்கு இரண்டு கோடியே தொண்ணூற்றிரண்டு லட்சம் என்று விழுகிறது. காலத்துக்கு விலை போட முடியாது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் டெண்டர் ஆவணத்தின் நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

தென்பெண்ணையில் வெள்ளம் வருவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே கரையோரத்து மக்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது திட்டம். அந்த ஐந்து மணி நேரத்தை விற்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் நான்கு மணி நேரத்தைப் பதினோரு கோடிக்குத் தருவதாகச் சொன்னார். அளவு குறைகிறது என்று தள்ளினார்கள். இன்னொருவர் அதே விலைக்கு ஆறு மணி நேரம் தருவதாகச் சொன்னார். கேட்டதற்கு மேல் கொடுக்கிறவரிடம் ஏதோ கோளாறு இருக்கும் என்று அவரையும் தள்ளினார்கள். மூன்றாமவர் ஐந்து கேட்டதற்கு ஐந்தே தந்தார். சந்தையில் வெண்டைக்காய் வாங்குகிறவர்கூட நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் பையில் போடுவார். வாங்கிய ஐந்து மணி நேரத்தின் நுனியை யாரும் ஒடித்துப் பார்த்ததாகக் கோப்பில் குறிப்பில்லை.

இப்படித்தான் ஓசூருக்கு நிகழ்நேர வெள்ள முன்கணிப்பு மையம் வந்தது. தொழிற்பேட்டைக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடம். உள்ளே சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் ஆறு நீலக் கோடாக ஓடும். திரையைப் பார்க்கப் பதினான்கு பேர். அவர்கள் பார்க்கிறார்களா என்று பார்க்க ஆறு பேர். எல்லோருக்கும் மேலே இயக்குநர் முனைவர் மோகன்குமார். தெற்கத்திக்காரர். வெளிநாட்டில் ஓர் ஆற்றை எட்டு வருடம் ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். வருடத்தில் ஏழு மாதம் அந்த ஆறு உறைந்து கிடக்கும் என்பதால் அவர் சொன்ன சொல்லை அது மீறியதே இல்லை.

ஏற்பாட்டைக் குறை சொல்ல முடியாது. மழை எவ்வளவு பெய்தது, மண் எவ்வளவு குடித்தது, மீதி எவ்வளவு ஓடும், எந்தப் பாலத்தை எத்தனை மணிக்குத் தொடும் என்று கணினி மணிக்கொரு தரம் கணக்குப் போடும். பாலத்தின் கைப்பிடியில் மாட்டிய ரேடார் பெட்டி கால் மணிக்கு ஒரு தரம் கீழே பார்த்து ஆற்றின் மட்டத்தை அளந்து அனுப்பும். உலகத்தில் பல ஆறுகளில் இது ஒழுங்காக வேலை செய்கிறது. அந்த ஆறுகள் எங்கள் ஆறு அல்ல என்பது மட்டும்தான் இடித்தது.

முதலில், எங்கள் ஆற்றுக்கு வேண்டிய மழை கர்நாடகத்தில் பெய்கிறது. அங்கே எவ்வளவு பெய்தது என்று கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். கடிதத்தைத் தமிழில் எழுதுவதா, கன்னடத்தில் எழுதுவதா, இரண்டு பேருக்கும் வருத்தமில்லாமல் ஆங்கிலத்தில் எழுதுவதா என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். குழு இன்னும் அமர்ந்திருக்கிறது. அதுவரை கணினியில் 'எல்லைக்கு அப்பால் மழை' என்ற கட்டம் காலியாக இருந்தால் நன்றாக இராது என்று அதில் பூஜ்யம் போட்டார்கள். ஆகவே கணினியைப் பொறுத்தவரை மேகங்கள் எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டிய பிறகுதான் பெய்யத் தொடங்கும்.

அடுத்தது நுரை. எங்கள் ஊருக்கு வரும் முன் தண்ணீர் ஒரு பெருநகரத்தின் ஓரமாக வருகிறது. வழியில் குளியலறைகள், சலவைத் தொட்டிகள், ஆலைகள் எல்லாவற்றிலும் நலம் விசாரித்துவிட்டு வருவதால், பாலத்துக்குக் கீழே குதிக்கும்போது சோப்புத் தண்ணீர் போலப் பொங்கும். குளிர்ந்த காலைகளில் நுரை லாரி உயரத்துக்கு நிற்கும். காற்றடித்தால் சாலைக்கு ஏறி வரும். வெளியூர்க்காரர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ரேடார் பெட்டியும் அதைத்தான் செய்தது.

பாலத்துக்குக் கீழ்ப்புறம் முதல் நிலம் மாதேஷுடையது. அங்கே அவரும் அவர் மனைவி அருணாவும் தக்காளி நாற்றுப் பண்ணை வைத்திருந்தார்கள். நிழல்வலைக்குக் கீழே இரண்டாயிரத்து நானூறு குழித்தட்டுகள். தட்டுக்குத் தொண்ணூற்றெட்டு நாற்று. ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளும், எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூர், சர்ஜாபுரக்காரர்களும் முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்த நாற்று. சொன்ன நாளில் நாற்றுப் போகாவிட்டால் அவர்களுக்கு அந்தப் போகம் போச்சு. மாதேஷுக்கு அடுத்த வருடமும் போச்சு. ஒரு நாற்றுக்காரன் ஒரு தடவை கைவிரித்தால் மறுபடி யாரும் அவனிடம் சொல்லி வைக்க மாட்டார்கள்.

வெள்ளம் வந்தால் தட்டுகளை முந்நூறு அடி தள்ளியிருக்கும் மேட்டு நிலத்துக்குத் தூக்க வேண்டும். பண்ணையில் கூலி வேலைக்கு வரும் சாந்தம்மாவின் ஆட்கள் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தி பலகையில் நான்கு தட்டு வைத்து ஏறி இறங்க ஆறு நிமிடம். மொத்தமும் ஏற்ற ஐந்து மணி நேரம். பதினான்கு கோடி கொடுத்து வாங்கிய அந்த ஐந்து மணி நேரம் நிஜமாகவே தேவைப்பட்ட ஒரே மனிதர் மாவட்டத்தில் மாதேஷ்தான் என்று சொல்லலாம். மையத்துக்கும் அது தெரிந்திருந்தது. அவரை 'வெள்ளத் தோழர்' ஆக நியமித்து, கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை, ஒரு விசில், இரண்டு பேர் நுழையக்கூடிய ஒரு பனியன், செல்போனில் ஒரு செயலி எல்லாம் கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு காலை ஆறு மணிக்கு முதல் செய்தி வந்தது. 'அன்பார்ந்த வெள்ளத் தோழரே, இன்னும் ஐந்து மணி நேரத்தில் தாங்கள் நான்கு மீட்டர் நீரில் மூழ்குவீர்கள். நன்றி.'

மாதேஷ் விசிலை ஊதினார். அருணா வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை.

"ஏங்க, எங்கருந்து வருமாம் வெள்ளம்?"

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியும். நீ சாந்தம்மாளுக்குப் போன் போடு."

பதினோரு மணிக்குக் கடைசித் தட்டு மேட்டில் ஏறியது. ஆற்றில் முழங்கால் தண்ணீர். அதன் மேல் மூன்றரை மீட்டர் நுரை. பதினொன்றே காலுக்கு இயக்குநர் இரண்டு வண்டிகளில் வந்து இறங்கினார். கூடவே ஒரு புகைப்படக்காரர்.

"அய்யா, தண்ணி முழங்காலுதாங்க இருக்குது" என்றார் மாதேஷ்.

"அது உங்க கண்ணுக்கு. சென்சார் கண்ணுக்கு நாலு புள்ளி ஒண்ணு மீட்டர். நாம யார நம்பணும்? மனுசக் கண்ணு ஏமாறும். சென்சாருக்கு ஏமாறத் தெரியாது, அதுக்கு அந்த ஆப்ஷனே நாங்க குடுக்கல. அந்தத் தட்டுக்குப் பக்கத்துல நில்லுங்க. கொஞ்சம் நிம்மதியா பாருங்க."

மாதேஷ் நிம்மதியாகப் பார்த்தார். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது: 'இரண்டு லட்சம் உயிர்கள் காப்பாற்றப்பட்டன.' நாற்றும் உயிர்தான் என்பதால் யாரும் மறுப்பு எழுதவில்லை.

சாந்தம்மா மேட்டில் இருந்த தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதித் தெலுங்கும் மீதிக் கன்னடமுமாக வளர்ந்து, கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருகிறவள்.

"அண்ணா, ஏத்தறதுக்குச் செய்தி வந்துது. எறக்கறதுக்கு யாரு செய்தி அனுப்புவாங்க?"

அதற்கு யாரும் அனுப்பவில்லை. மேட்டில் நிழல் இல்லாததால் வெயிலில் நாற்று வதங்கத் தொடங்கியது. இறக்கவும் ஐந்து மணி நேரம் ஆனது.

அதன் பிறகு குளிர்ந்த காலை ஒவ்வொன்றும் வெள்ளமாக விடிந்தது. செப்டம்பரில் ஆறு வெள்ளம். அக்டோபரில் ஒன்பது. நடுவில் ஒரு நாள் சானமாவுக் காட்டிலிருந்து இறங்கி வந்த ஒற்றை யானை பாலத்துக் கைப்பிடியில் முதுகைச் சொறிந்துகொண்டது. ரேடார் பெட்டி சாய்ந்து, யானையின் முதுகை அளந்து அனுப்பியது. அன்றைக்கு மட்டும் வெள்ளம் சாம்பல் நிறத்தில் அசைவதாகத் திரையில் காட்டியது. மையம் அதை 'அபூர்வ நிகழ்வு' என்று பதிவு செய்து, ஒரு கருத்தரங்கில் கட்டுரையும் வாசித்தது.

பதினேழாவது வெள்ளத்தன்று மாதேஷ் தட்டுகளை ஏற்றிவிட்டு நேராக மையத்துக்குப் போனார். கழுத்தில் அட்டை இருந்ததால் காவலாளி விட்டுவிட்டார். திரையில் அவருடைய பண்ணை இருந்த இடம் நீலமாகப் பளபளத்தது.

"பாத்தீங்களா?" என்றார் மோகன்குமார் பெருமையாக. "இப்ப நீங்க நாலு மீட்டர் தண்ணிக்கு அடியில இருக்கீங்க."

"நான் இங்க உங்க முன்னாடி நிக்கறனுங்க."

"அதத்தான் நானும் சொல்லுதேன். வெற்றிகரமா வெளியேற்றப்பட்டிருக்கீங்க."

மாதேஷ் தன் ஈரமில்லாத வேட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுப்ரியா என்ற உதவிப் பொறியாளர், பார்க்கிறார்களா என்று பார்க்கிறவர்கள் பார்க்காத நேரம் பார்த்து, அவர் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"அண்ணா, அது நுரை. ரேடார் நுரையோட தலையத்தான் அளக்குது. நான் மூணு தடவ நோட் போட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"நோட்டுல எழுத்துரு சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

ஆனால் மாதேஷ் நேரில் வந்து நின்றுவிட்டதால் கூட்டம் போட வேண்டியதாயிற்று. பயனாளி பங்கேற்ற கூட்டம் என்று ஆண்டறிக்கையில் எழுத ஒரு கூட்டம் தேவையாகவும் இருந்தது. மாதேஷுக்கு ஒரு நாற்காலியும் பாதாம் பால் ஒன்றும் கொடுத்தார்கள்.

சுப்ரியா எழுந்து நுரை என்ற சொல்லை உச்சரித்ததும் மேசையில் இருந்த எல்லோரும் குனிந்து தங்கள் பேனாவைப் பார்த்தார்கள். இயக்குநர் கதவு மூடியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு பேசினார்.

"ஆத்துல நுரை இல்ல. இத நான் சொல்லல. அதுக்குன்னு இருக்கற வேற துறை மூணு வருசமா எழுத்துல சொல்லுது. இன்னொரு துறை இல்லன்னு சான்று குடுத்த ஒண்ண, நாம இருக்குன்னு அளந்தா அது துறைகளுக்கு இடையிலான பிரச்சினை ஆயிரும். நாம வெள்ளத்தத் தடுக்க வந்தவங்க. கடிதப் போக்குவரத்தப் பெருக்க வந்தவங்க இல்ல."

"அப்ப நான் தெனமும் பாக்கறது இன்னாங்க?" என்றார் மாதேஷ்.

"அடையாளம் காணப்படாத மேல்மட்டப் பொருள்" என்றார் இயக்குநர். "அது சராசரியா எவ்வளவு உயரம், சுப்ரியா?"

"மூணு மீட்டர் சார். ஆனா அது ஒரு நாளைக்கு இருக்கும், ஒரு நாளைக்கு இருக்காது. பெருமழை அடிச்சா சுத்தமா அமுங்கிடும். அந்தந்த நேரத்துக்கு அளந்து கழிக்கணும். ஒரு கேமரா வெச்சா போதும்."

மோகன்குமார் சிரித்தார். அறிவாளி ஒருவர் அப்பாவியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"யோசிச்சுப் பேசுங்கம்மா. இருக்கற பொருள்தான் கூடும், குறையும். இல்லாத பொருள் எப்படிக் கூடும்? எப்படிக் குறையும்? இல்லாதது எப்பவும் ஒரே அளவாத்தான் இருக்கணும். ஆகவே அது மாறிலி. எல்லா அளவுலயும் மூணு மீட்டரக் கழிச்சுருங்க. நிரந்தரமா."

கூட்டம் கைதட்டியது. கணினியில் அன்றைக்கே மூன்று மீட்டர் கழிக்கப்பட்டது. அதிகாரபூர்வமாக அதன் பெயர் மேற்பரப்புத் திருத்தம். தேநீர் கொண்டுவருகிறவர் உட்பட எல்லோரும் நுரைத் திருத்தம் என்றுதான் சொன்னார்கள்.

மாதேஷ் விடைபெறும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். மையத்தின் எச்சரிக்கை இல்லாமல் தட்டுகளை நகர்த்த மாட்டேன் என்ற உறுதிமொழி.

"இது என்னாத்துக்குங்க?"

"நாங்க சொல்லாம நீங்க வெளியேறினீங்கன்னா, நாங்க ஒரு எச்சரிக்கையத் தவறவிட்டதா கணக்காயிரும். எங்க துல்லியம் நூத்துக்கு நூறு. உங்களால அது தொண்ணூத்தி ஒம்பதாயிரக் கூடாது பாருங்க."

நூற்றுக்கு நூறு எப்படி என்று மாதேஷ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: பதினேழு முறை வெள்ளம் என்றார்கள், பதினேழு முறையும் அவர் வெளியேறினார். வெள்ளம் வந்ததா என்பது கேள்வித்தாளிலேயே இல்லை. அவர் பாதாம் பால் குடித்திருந்தார். கையெழுத்துப் போட்டார்.

பிறகு மூன்று வாரம் நிம்மதி. செயலி பச்சையாகவே இருந்தது. நாற்று இருபத்து நான்கு நாள் வயதுக்கு வளர்ந்து, தண்டு பருத்து, இன்னும் இரண்டு நாளில் லாரியில் ஏற்றிவிடலாம் என்ற பதத்துக்கு வந்தது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. எங்கள் பக்கம் சாரல்தான். காலை பத்து மணிக்கு மாலூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் பேசினார். நாற்று இப்போதைக்கு வேண்டாம், பத்து நாள் தள்ளி அனுப்பு என்றார். அவர் பேரத்துக்காகச் சொல்கிறார் என்று அருணா நினைத்தாள். நாற்று தயாராகும் நேரத்தில் வேண்டாம் என்பதும், விலையில் பத்துப் பைசா குறைத்தால் வேண்டும் என்பதும் எல்லா வாடிக்கையாளரும் செய்வதுதான்.

"பத்துப் பைசா கொறச்சிக்கிறன்னு சொன்னன். அப்பயும் வேண்டாம்ன்றாரு" என்றாள் மாதேஷிடம்.

பத்தரைக்கு இன்னொருவர். பதினோரு மணிக்குச் சர்ஜாபுரத்திலிருந்து இருவர். பன்னிரண்டரைக்கு ஐந்தாமவர். ஒன்றரைக்கு ஆறாமவர், "நீரு அக்கா, நீரு, ஹொலத்தல்லி முழங்காலு மட்டும் நீரு" என்று தன் வயலில் தண்ணீர் நிற்பதைக் கன்னடத்தில் மூச்சு வாங்கச் சொல்லி, முன்பணத்தைக்கூடத் திருப்பிக் கேட்காமல் வைத்துவிட்டார்.

அருணா போனைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, தட்டத் தூக்கணும்."

"செயலி பச்சையா இருக்குதே."

"ஆறு பேருங்க. ஒருத்தன் பேரம் பேசறான்னு வெச்சிக்கலாம். ரெண்டு பேரு சேந்துக்கினாங்கன்னுகூட வெச்சிக்கலாம். ஆறு பேரு ஒருத்தனுக்கொருத்தன் தெரியாம, வெல கொறச்சாக்கூட வேண்டாம்ன்றானுங்கன்னா அவங்க காடு பூரா தண்ணில இருக்குது. அந்தத் தண்ணி எங்க போவும்? நம்ம வூட்டுக்குத்தான் வரும்."

மாதேஷ் வெளியே வந்து ஆற்றைப் பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு ஆற்றின் மேல் நுரையே இல்லை. தண்ணீர் காப்பி நிறத்தில், சத்தமில்லாமல், இடுப்புக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கறன் அருணா."

"போட்டது நீங்க. நான் போடலியே." அவள் ஏற்கெனவே சாந்தம்மாவின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். "நீங்க அட்டையக் கழுத்துல போட்டுக்கினு அங்கயே நில்லுங்க. உங்க கை தட்டுல படாது. உங்க கையெழுத்துக்கும் ஒன்னும் ஆவாது."

இரண்டு மணிக்குப் பன்னிரண்டு பெண்களும் பலகையோடு இறங்கினார்கள். மாதேஷ் மையத்தின் இலவச எண்ணுக்குப் போன் போட்டார். தென்பெண்ணையின் பெருமைகளைப் பற்றிய ஒரு பாடல் ஒன்பது நிமிடம் ஓடியது. பிறகு சுப்ரியா எடுத்தாள்.

"அம்மா, நான் மாதேசு. ஆறு ஏறுதும்மா."

"அண்ணா, ஸ்க்ரீன்ல..." அவள் குரல் தயங்கியது. "மைனஸ் எண்பதுன்னு காட்டுது."

"எண்பது இன்னா?"

"மைனஸ் எண்பது சென்டிமீட்டர். ஆத்துப் படுகைக்குக் கீழ. அண்ணா, நுரை இருக்கா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

"சுத்தமா இல்லம்மா."

மறுமுனையில் அவள் முணுமுணுத்துக் கணக்குப் போடுவது கேட்டது. "அப்பன்னா நெஜத்துல ரெண்டு இருபது. ஏறிட்டு இருக்கு. அண்ணா, தூக்குங்க, உடனே தூக்—"

போன் கைமாறியது.

"மோகன்குமார் பேசுதேன். என்ன தோழரே, வதந்தி பரப்புறீங்களாமே?"

"அய்யா, தண்ணி ஆளு மட்டத்துக்கு மேல ஓடுது. மொத நெழல்வலைக்கு இன்னும் நாலு படிதான் பாக்கி."

"எங்க கணக்குப்படி ஆறு இப்ப தரைக்குக் கீழ எண்பது சென்டிமீட்டர்ல போய்ட்டிருக்கு. இது நல்ல செய்தி. நிலத்தடி நீர் செறிவூட்டப்படுது. நாங்க பத்திரிகைக்கே சொல்லிட்டோம்."

"அப்ப என் முன்னாடி ஓடறது இன்னாங்க?"

"அது எங்க ஆறு இல்ல. உள்ளூர் வடிகாலா இருக்கும். நீங்க நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொல்லணும்."

மாதேஷ் மன்றாடினார். எச்சரிக்கை ஒன்று மட்டும் அனுப்பிவிடுங்கள், ஊர்க்காரர்களும் ஓடி வந்து தூக்குவார்கள், நானும் தூக்கலாம் என்றார். இயக்குநர் இரக்கமில்லாதவர் அல்ல. வழி ஒன்று சொன்னார். பாலத்துத் தூணில் வரைந்திருக்கும் அளவுகோலைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றினால் அதைப் பரிசீலிக்க விதியில் இடமுண்டு. மாதேஷ் நனைந்துகொண்டே பாலத்துக்கு ஓடிப் படம் எடுத்தார். செயலி அவர் நிற்கும் இடத்தை ஆராய்ந்து பதில் சொன்னது: 'தாங்கள் வறண்ட பகுதியில் இருக்கிறீர்கள். வறண்ட பகுதியிலிருந்து வெள்ளப் படம் ஏற்கப்படாது.' மறுபடி எடுத்தார். மறுபடி அதே பதில். மூன்றாம் தடவை எடுக்கப் போனபோது அளவுகோலின் கடைசி எண்ணும் தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போது செயலி வேறு விதமாகச் சொன்னது: 'படத்தில் அளவுகோல் இல்லை.'

அப்போது மணி நான்கே கால். மாதேஷ் போனைச் சட்டைப்பையில் போட்டார். கழுத்து அட்டையைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு ஓடினார். பண்ணையில் கணுக்கால் அளவு தண்ணீர். அவர் பலகையில் நான்கு தட்டு எடுத்து வைத்தார். மேட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார். இன்னொரு நான்கு. மூன்றாம் தடவை இறங்கும்போது சாந்தம்மா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும் அண்ணா. இதுக்கு மேல எறங்கினா உன்னைத்தான் தூக்கணும்."

நாலரைக்கு நிழல்வலையின் கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தட்டுகள் கறுப்புப் படகுகளாக, ஒவ்வொன்றிலும் பச்சையாய்த் தொண்ணூற்றெட்டுப் பயணிகளோடு, கிருஷ்ணகிரி நோக்கிப் போயின. மேட்டில் ஆயிரத்து இருநூற்று எட்டுத் தட்டுகள் இருந்தன. அதில் எட்டு மாதேஷ் தூக்கியவை.

அருணா அதை எண்ணி முடித்தபோது மாதேஷின் செல்போன் ஒலித்தது. செய்தி. 'அன்பார்ந்த வெள்ளத் தோழரே, ஆற்று மட்டம் ஒரு மீட்டர் பத்து. இயல்பு நிலை. தங்கள் நாள் இனிதாகுக.'

நிவாரணத்துக்கு மனுப் போட்டபோது ஒரு விதி குறுக்கே வந்தது. முன்னெச்சரிக்கை கிடைக்காமல் இழந்தவர்களுக்குத்தான் நிவாரணம். கிடைத்ததா இல்லையா என்று மையம் சான்று தர வேண்டும். மாதேஷ் மறுபடியும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனார். இந்தத் தடவை அருணாவும், நானும் வருவேன் என்று கிளம்பிய சாந்தம்மாவும் கூட வந்தார்கள். திரைக்குப் பக்கத்து நாற்காலியில் சுப்ரியா இல்லை. கர்நாடகத்துக்குக் கடிதம் எழுதும் குழுவுக்கு அவளை மாற்றியிருந்தார்கள்.

மோகன்குமார் அவர்களை அன்பாக உட்கார வைத்தார்.

"இழப்புக்கு வருந்துதேன். ஆனா ஒண்ணு தெளிவாச் சொல்லணும். கணிப்பு தவறல. ஆறுதான் கணிப்பப் பின்பற்றல. கம்ப்யூட்டர் மாடலுங்கறது ஆத்துக்கு நாங்க குடுக்கற ஒரு வாய்ப்பு. பயன்படுத்திக்கறதும் பயன்படுத்தாததும் அது இஷ்டம்."

"எங்களுக்கு எச்சரிக்கை வரலீங்க. அத மட்டும் எழுதிக் குடுங்க" என்றாள் அருணா.

"எப்படிம்மா எழுத முடியும்? பதிவேடு இருக்கே." அவர் ஒரு பதிவேட்டைத் திறந்தார். "பதினேழு தடவ குடுத்துருக்கோம். ஒவ்வொரு தடவையும் நீங்க வெளியேறினது பதிவாயிருக்கு. ஒரு தடவைக்கு அஞ்சு மணி நேரம். ஒப்பந்தப்படி ஒரு வெள்ளத்துக்கு அஞ்சுதான் தரணும். நாங்க எவ்வளவு தந்துருக்கோம்னு நீங்களே பாருங்க. வேற எந்த ஆத்துலயும் இவ்வளவு முன்னாடி சொன்னது கிடையாது. சில எச்சரிக்கை மூணு மாசம் முன்னாடியே குடுத்துருக்கோம்."

சான்றிதழ் ஒரு வாரத்தில் தபாலில் வந்தது. கோபுர முத்திரையோடு, கீழ்க்கண்டவாறு:

வழங்கப்பட்ட முன்னெச்சரிக்கைகள்: 17.
எச்சரிக்கை ஒன்றுக்கு நேரம்: 5 மணி.
மொத்தம் வழங்கப்பட்ட நேரம்: 85 மணி.
இதுவரை வந்த வெள்ளம்: 1. அதற்குச் செலவான நேரம்: 5 மணி.
பயனாளியிடம் உள்ள கையிருப்பு: 80 மணி.
குறிப்பு: இனி வரும் பதினாறு வெள்ளங்களுக்கான முன்னெச்சரிக்கை பயனாளிக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. அவற்றுக்குத் தனியாக எச்சரிக்கை அனுப்பப்பட மாட்டாது.

மாதேஷ் அதை இரண்டு தடவை படித்தார். மேட்டில் மிஞ்சிய நாற்றை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த சாந்தம்மாவுக்கு அருணா படித்துக் காட்டினாள்.

"எண்பது மணி நேரம் நம்மகிட்ட இருக்குதாமா?" என்றாள் சாந்தம்மா. "அப்ப எங்க பன்னெண்டு பேரோட நேரம்? அத யாரு எழுதி வெச்சிருக்கறாங்க?"

அருணா சான்றிதழைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. லாரியின் பலகையில் வைத்து எழுதினாள். வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு எழுதும் அதே கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை.

வராத வெள்ளத்துக்கு ஏற்றியது: 17 தடவை, தடவைக்கு 5 மணி.
இறக்கியது: 17 தடவை, தடவைக்கு 5 மணி.
ஆக 170 மணி. ஆள் பன்னிரண்டு.
மொத்தம் 2,040 மணி.
கழிக்க, தங்கள் கணக்குப்படி எங்களிடம் உள்ளது: 80 மணி.
மையம் தர வேண்டிய பாக்கி: 1,960 மணி.